பதினேழாவது ஜோடி

விருத்தாசலம்,
12.03.2025

அன்புத் தம்பி அறிவழகனுக்கு,

அக்கா செல்வநாயகி எழுதுகிறேன். முழங்கால் ஒன்றைத் தவிர மற்றபடி சுகம். கரக்பூரில் வெயில் தொடங்கிவிட்டதா? பிரபாவுக்குச் சர்க்கரை எப்படி இருக்கிறது? போனில் கேட்டால் உன் காதில் பாதி விழுவதில்லை. ரயில்வே ஒர்க்‌ஷாப் உன் காதை எடுத்துக்கொண்டு பென்ஷனைக் கொடுத்துவிட்டது. அதனால்தான் பழையபடி கடிதம்.

அப்பா காலமாகி இரண்டு மாதம் ஆகிறது. காரியம் முடிந்த மறுநாளே தாத்தா காலத்து ரிவால்வரை ஸ்டேஷனில் ஒப்படைத்து ரசீது வாங்கிவிட்டேன். லைசென்ஸை வாரிசு பெயருக்கு மாற்ற விண்ணப்பிக்கலாமாம். நீ வெளிமாநிலத்தில் இருக்கிறாய், அதனால் என் பெயரில் கேட்கப் போகிறேன். எழுபத்தொரு வயசில் கணக்கு டீச்சருக்குத் துப்பாக்கி எதுக்குங்க என்று ஸ்டேஷன் ரைட்டர் சிரித்தார். சுடுவதற்கு இல்லை, எங்கள் தாத்தா பெயர் அதில் இருக்கிறது என்றேன்.

உண்மைதானே? கம்மாபுரம் பக்கத்தில் நம் ஊர் நிலக்கரிச் சுரங்கத்துக்கு நிலமாகப் போய் எத்தனை வருஷம் ஆகிறது. வீடும் இல்லை, கிணறும் இல்லை. ஆனால் அந்த ஊர்ச் சனங்கள் இன்றைக்கும் என்னைப் பஸ் ஸ்டாண்டில் பார்த்தால் ‘தந்தப்பிடியார் வூட்டுப் பொண்ணு’ என்றுதான் சொல்கிறார்கள். ரிவால்வரின் தந்தப் பிடியால் வந்த அந்தப் பெயருக்குச் சாட்சி அது ஒன்றுதான். அப்பா பீங்கான் கூடத்தில் அச்சு செய்யும் வேலை பார்த்த காலத்திலும், ஓய்வு பெற்ற பிறகும், மாதம் தவறாமல் அதற்கு எண்ணெய் போட்டு வைத்திருந்தார்.

விண்ணப்பத்தில் ‘தயாரித்த ஆண்டு’, ‘உத்தேச மதிப்பு’ என்று இரண்டு கட்டங்கள் இருக்கின்றன. கல்கத்தாவில் பழைய துப்பாக்கிக் கடைகள் உண்டு என்று நீதான் சொல்வாய். ஒப்படைக்கும் முன் என் மகள் துர்கா எடுத்த படங்களை உன் போனுக்கு அனுப்பியிருக்கிறாள். விசாரித்து எழுது.

பிரபாவை மாத்திரையை மறக்காமல் போடச் சொல்.

அன்புடன்,
அக்கா

——

கரக்பூர்,
30.03.2025

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் இருவரும் சுகம். பிரபா மாத்திரை போடுகிறாள், இனிப்பும் சாப்பிடுகிறாள். உன் முழங்காலுக்கு எண்ணெய் தேய்க்கிறாயா?

கல்கத்தா போயிருந்தேன். நூறு வருஷத்துக் கடை ஒன்று. அங்கே எண்பது வயதுப் பெரியவர் படங்களைப் பெரிதாக்கி அரைமணி நேரம் பார்த்தார். குழாய் முப்பத்திரண்டு போர் அளவு, ஆறு குண்டு, பர்மிங்காம் வேலை என்றார். குழாயின் அடியில் கிரீடம் போட்ட முத்திரை இருக்கிறது அல்லவா? அதன் பக்கத்தில் ஒரு சின்ன எழுத்து உண்டு. அங்கே ஒவ்வொரு வருஷச் சோதனைக்கும் ஒரு எழுத்து வைத்திருந்தார்களாம். புத்தகத்தில் பார்த்து 1929 என்றார். உடம்பிலும் குண்டு உருளையிலும் ஒரே எண் இருப்பதால் எந்த இரும்புப் பாகமும் மாறவில்லை. எழுத்துகளின் ஓரம் கூர்மையாக இருப்பதால் யாரும் தேய்த்துப் பாலிஷ் போடவும் இல்லை. மதிப்பு எண்பதாயிரம் என்று எழுதலாம் என்றார். சீட்டு இணைத்திருக்கிறேன்.

பிடியைப் பற்றி அவர் அதிகம் சொல்லவில்லை. தயாரித்தபோது கறுப்புத் தகடு இருந்திருக்கும் என்றார், அவ்வளவுதான்.

அன்புடன்,
அறிவழகன்

——

விருத்தாசலம்,
11.04.2025

அன்புத் தம்பிக்கு,

உன் கடிதமும் சீட்டும் வந்தன. இங்கே எல்லாரும் நலம். பழமலைநாதர் கோயிலுக்குப் போய் உங்கள் இருவர் பெயருக்கும் அர்ச்சனை செய்தேன்.

1929 என்று படித்ததும் எழுந்து நின்றுவிட்டேன். விருத்தகிரித் தாத்தா மணியக்காரராக இருந்து, கிஸ்திப் பணத்தை மாட்டு வண்டியில் தாலுக்கா கஜானாவுக்குக் கொண்டுபோன காலத்தில், 1931இல் புதுசாக வாங்கினேன் என்பார். பொருந்துகிறது பார். எங்கள் பள்ளிக்கூட பெஞ்சுகளைப் போலத்தான் இதுவும். எந்த வருஷத்துப் பெஞ்சு என்று ஆபீஸில் யாருக்கும் தெரியாது. குனிந்து அடிப்பக்கம் பார்த்தால் எந்தப் பையனாவது பெயரும் வருஷமும் கீறி வைத்திருப்பான். நான் அப்படித்தான் ஸ்டாக் கணக்கு எடுப்பேன்.

விண்ணப்பத்தைக் கடலூரில் கலெக்டர் ஆபீஸில் கொடுத்துவிட்டேன். அடையாளங்கள் என்ற இடத்தில் நானே கையால் ‘சுத்தமான யானைத்தந்தப் பிடி, 1969இல் மெட்ராஸில் பொருத்தியது’ என்று சேர்த்தேன். தாத்தாவின் அறுபதாம் கல்யாணத்துக்குக் கடலூர் ஹாஸ்டலிலிருந்து வந்தபோது பார்த்தது இன்னும் கண்ணிலேயே இருக்கிறது. கறுப்புப் பிடி போய்ப் பால் போல வெள்ளைப் பிடி. தாத்தா வந்தவர்களுக்கெல்லாம் பந்தியிலேயே காட்டினார். மறு வருஷம் லைசென்ஸ் புத்தகத்திலும் எழுத வைத்தார். ஆயிரம் பேர் எதிரில் அப்பா தலை குனிந்து நின்றார், அவ்வளவு அடக்கம்.

அப்போது நீதான் அப்பாவோடு இருந்தாய். மெட்ராஸில் எந்தக் கடை? ரசீது ஏதும் பார்த்த ஞாபகம் உண்டா?

அன்புடன்,
அக்கா

——

கரக்பூர்,
02.05.2025

அன்புள்ள அக்காவுக்கு,

சுகம். இங்கே வெயில் தாங்கவில்லை. மாம்பழம் வந்துவிட்டது, ஆனால் நம் ஊர் ருசி இல்லை. பக்கத்து வீட்டில் புதுசாகச் சுவர் எடுக்கிறார்கள், காலையிலிருந்து சத்தமாம், பிரபா சொன்னாள். எனக்கு நிம்மதி.

மெட்ராஸ் கடை பற்றி எனக்கு ஒன்றும் நினைவில்லை. பன்னிரண்டு வயசு. பிடியைப் பற்றி எழுதாமலே விட்டிருக்கலாம் என்று தோன்றுகிறது. கேட்காததை எதற்கு எழுதுவது?

அறிவழகன்

——

விருத்தாசலம்,
20.06.2025

அன்புத் தம்பிக்கு,

நலம், நலம் அறிய ஆவல். நீ சொன்னது சரியாகிவிட்டது. பரீட்சையில் கேட்டதற்கு மட்டும் பதில் எழுதினால் முழு மார்க். கூட நாலு வரி எழுதி மாட்டிக்கொள்ளும் பிள்ளைகளை எத்தனை முறை கண்டித்திருக்கிறேன். இப்போது நானே அந்தப் பிள்ளை.

கடலூரிலிருந்து கடிதம் வந்திருக்கிறது. யானைத்தந்தம் வைத்திருந்தால் அதை முன்பே அறிவித்துச் சான்றிதழ் வாங்கியிருக்க வேண்டுமாம். சான்றிதழ் எங்கே என்று கேட்கிறார்கள். ஜூலை 24 அன்று வனத்துறை அதிகாரி ஸ்டேஷனுக்கே வந்து பரிசோதிப்பார். சான்றிதழ் இல்லாத தந்தம் என்று முடிவானால் ரிவால்வர் பறிமுதல், என் மேல் வழக்கு. முப்பத்து மூன்று வருஷம் பிள்ளைகளுக்கு ஒழுங்கு சொல்லிக்கொடுத்தவள் நான். கோர்ட்டு வாசலில் நிற்பதை நினைத்தால் சோறு இறங்கவில்லை.

ஒன்று மட்டும் புரியவில்லை. இருபது வருஷம் இருக்கும், தந்தம் வைத்திருப்பவர்கள் அறிவிக்க வேண்டும் என்று பேப்பரில் வந்தது. அப்பா அதை எனக்குப் படித்துக் காட்டிவிட்டுச் சிரித்தார். ‘நமக்கு இல்லம்மா இது’ என்று பேப்பரை மடித்து வைத்தார். எதிலும் கவனமான மனிதர், இதில் மட்டும் ஏன் அப்படி அலட்சியமாக இருந்தார்?

உனக்கு எதுவும் தெரிந்தால் எழுது.

அக்கா

——

கரக்பூர்,
05.07.2025

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் கண்டு பிரபாவும் நானும் கலங்கிப்போனோம். உடம்பைப் பார்த்துக்கொள். வேளைக்குச் சாப்பிடு.

எனக்குத் தோன்றுவதை எழுதுகிறேன், கோபிக்காதே. ரிவால்வரே வேண்டாம் என்று அரசாங்கத்திடம் விட்டுவிடு. இல்லையென்றால், அது தந்தம் இல்லை, நான் தெரியாமல் எழுதிவிட்டேன் என்று சொல்லிவிடு. யார் பார்த்தார்கள்?

அறிவழகன்

——

விருத்தாசலம்,
12.07.2025

தம்பிக்கு,

சுகமாக இருக்கிறேன்.

விருத்தகிரி மணியக்காரர் பேத்தி, ராஜமாணிக்கம் மகள், தன் கையால் எழுதியதை இல்லை என்று சொல்ல மாட்டாள். தந்தம் என்றால் தந்தம்தான். வழக்கு வந்தால் வரட்டும்.

பிரபாவுக்கு என் அன்பு.

செல்வநாயகி

——

விருத்தாசலம்,
28.07.2025

அன்புத் தம்பி அறிவழகனுக்கு,

நீயும் பிரபாவும் சுகமாக இருக்க வேண்டும். போன கடிதத்தில் கொஞ்சம் காரமாக எழுதிவிட்டேன். மனசில் வைக்காதே. இந்தக் கடிதத்தை உட்கார்ந்து படி, நீளமானது.

மெட்ராஸ் கடை பற்றி யாரைக் கேட்கலாம் என்று யோசித்தபோது முகம்மது கனி பாய் நினைவு வந்தது. ஜங்ஷன் ரோட்டில் கப்பு சாசர் கடை வைத்திருக்கிறார். சின்ன வயசில் பீங்கான் கூடத்தில் அப்பாவுக்கு உதவியாளாக இருந்தவர். இருபத்து மூன்றாம் தேதி காலையில் போனேன். அவர் மனைவி ஜைத்தூன் பீவி டீ கொடுத்தார். விஷயத்தைச் சொல்லி அழாத குறையாக உட்கார்ந்திருந்தேன். பாய் என்னையே பார்த்தார். பிறகு மேசை மேல் பில்லுகள் பறக்காமல் வைத்திருந்த வெள்ளைத் துண்டை எடுத்து என் கையில் வைத்தார். அந்தக் கடையில் நான் வருஷக்கணக்காகப் பார்த்து வரும் துண்டு. வளைவு, நடுவில் ஒரு ஓட்டை. ரிவால்வர் பிடியின் ஒரு பக்கத் தகடு! கொஞ்சம் சின்னதாக இருந்தது.

“மெட்ராசாவது ஒண்ணாவது. நம்ம சூளையில வெந்ததுங்க டீச்சரம்மா” என்றார்.

இத்தனை வருஷம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

“உங்களுக்குத் தெரியாதுங்கறது எனக்குத் தெரியாதுங்களே.”

பிறகு விவரமாகச் சொன்னார். களிமண் சூளையில் எட்டில் ஒரு பங்கு சுருங்கும். கப்பு ஒரு நூல் சுருங்கினால் யாருக்கும் தெரியாது. இதுவோ இரும்புச் சட்டத்தில் தலைமுடி இடைவெளி இல்லாமல் உட்கார வேண்டும், திருகாணி ஓட்டையும் நேராக நிற்க வேண்டும். அப்பா வேலை நாளில் கூடத்துச் சாமானைத் தொடமாட்டாராம். மேலாளரிடம் கேட்டுக்கொண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும், நாளுக்கு நாலைந்து ஜோடியாகச் செய்வாராம். ஒரு ஜோடி சின்னதாகும், ஒன்று கோணும், ஒன்றில் ஓட்டை நகரும். ஒவ்வொன்றின் உட்பக்கமும் எண் போட்டுவிட்டு அடுத்த அச்சை ஒரு மயிரிழை மாற்றுவார். எந்த விடை தப்பானது என்று எழுதி வைத்துக்கொண்டே சரியான விடைக்குப் போகும் பிள்ளைகள் வகுப்புக்கு ஒன்று இருக்கும். அப்பா அந்த ரகம். பாயிடம் இருப்பது பதினொன்றாவது ஜோடியில் ஒன்று.

மறுநாள் ஸ்டேஷனுக்குப் பாயும் வந்தார். வனத்துறை அதிகாரி வாசுகி, சின்ன வயசுப் பெண், லென்ஸ் வைத்துப் பார்த்தாள். தந்தமாக இருந்தால் வலை பின்னியது போலக் கோடுகள் தெரியுமாம். தெரியவில்லை. நகத்தால் தட்டிக் காதருகே வைத்துக் கேட்டாள்.

“டீ கப்பு சத்தம் வருதுங்க” என்றாள்.

ஆயுதக்காவலர் திருகாணியைக் கழற்றினார். உட்பக்கம் மெருகு இல்லாமல் வெள்ளை மண் அப்படியே இருந்தது. வலது தகட்டில், ஈரத்தில் ஆணியால் கீறியது போல, ‘17’. கீழே ‘9.11.69’. அப்பாவின் ஒன்பதுக்கு எப்போதும் வால் வளைந்திருக்கும். பாய் தன் பதினொன்றைப் பக்கத்தில் வைத்தார். வாசுகி இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்தாள்.

“யாருங்க செஞ்சது?”

“எங்கப்பா” என்றேன். வாசலில் நின்ற சென்ட்ரி திரும்பிப் பார்க்கும் அளவுக்குக் குரல் வந்துவிட்டது.

வழக்கு இல்லை. தந்தம் இல்லை என்று அறிக்கை கொடுப்பதாகச் சொல்லிவிட்டாள். ஆனால் அப்பா எதற்காக இதைச் செய்தார், ஏன் தந்தம் என்று சொல்ல விட்டார் என்று பாய்க்கும் தெரியவில்லை. கல்யாணம் முடிந்த பிறகு, தாத்தாவைக் குறித்து, ‘பெரியவர் காதுக்குப் போகக்கூடாது’ என்று மட்டும் சொன்னாராம்.

உனக்கு ஏதாவது நினைவு வந்தால் எழுது. அவசரமில்லை.

அன்புடன்,
அக்கா

——

கரக்பூர்,
21.09.2025

அன்புள்ள அக்காவுக்கு,

உடம்பு இருவருக்கும் பரவாயில்லை. பதில் எழுத இரண்டு மாதம் ஆகிவிட்டது. ஐந்து முறை எழுதிக் கிழித்தேன்.

அந்தக் கறுப்புத் தகட்டை உடைத்தவன் நான். அப்பா எண்ணெய் போட மேசையில் வைத்துவிட்டுக் கை கழுவப் போனார். குண்டு இல்லை. எடுத்துக்கொண்டு கிணற்றடிக்கு ஓடினேன். போலீஸ்காரன் மாதிரி சுழற்றினேன். துவைக்கிற கல்லில் விழுந்தது. இடது தகடு இரண்டாகப் போயிற்று. தாத்தாவின் அறுபதாம் கல்யாணத்துக்கு ஐந்து வாரம்தான் இருந்தது. தாத்தா கோபம் உனக்குத் தெரியும், மாட்டை அவிழ்த்துவிட்டதற்கே என்னை ஒரு பகல் முழுக்கத் தூணில் கட்டிப் போட்டவர். அப்பா என்னை அடிக்கவில்லை. மறு ஞாயிறு என்னைச் சைக்கிள் கேரியரில் உட்காரவைத்துக் கூடத்துக்குக் கூட்டிப் போனார். அச்சில் மண்ணை அழுத்தும் வேலை எனக்கு. நான்கு ஞாயிறு. கனி அண்ணன் சூளைப் பக்கம் இருந்தார், நான் எதற்கு வந்தேன் என்று அவருக்குத் தெரியாது.

கறுப்பு சரியாக வரவில்லை, அதனால் வெள்ளை. உடைந்துவிட்டது, மாற்றிவிட்டேன் என்று தாத்தாவிடம் சொல்லத்தான் அப்பா நினைத்திருந்தார். பொட்டலத்தைப் பிரித்ததும் தாத்தா முகம் மலர்ந்துவிட்டது. “தந்தமாடா ராஜமாணிக்கம்?” என்றார். நான் தூணுக்குப் பின்னால் நின்றேன். அப்பா என்னைப் பார்த்தார். பிறகு “ஆமாங்க” என்றார். அவர் வாழ்க்கையில் சொன்ன பொய் அந்த ஒரு சொல்தான் என்று நினைக்கிறேன். அதன் பிறகு அதை யாராலும் திருப்பி எடுக்க முடியவில்லை.

கல்கத்தாப் பெரியவர் அன்றைக்கே, தந்தம் என்று உறுதியாகச் சொல்ல முடியாது, கிட்டத்திலிருந்து படம் வேண்டும் என்றார். தந்தமாக இருந்தால் சட்டச் சிக்கல் என்றும் சொன்னார். அதை உனக்கு எழுதாமல் விட்டேன். நீ தந்தப்பிடியார் வீட்டுப் பெண் என்று எழுதியிருந்தாய். அதைப் பிடுங்க எனக்குக் கை வரவில்லை. நீ வழக்கு என்று எழுதியபோதும் வாய் திறக்கவில்லை, அதுதான் என்னைத் தூங்கவிடவில்லை.

போன வாரம் அவரிடம் போய்ப் பீங்கான் என்று சொன்னேன். படத்தை மறுபடி வாங்கி வெகுநேரம் பார்த்தார். வெந்த பிறகு ஓட்டை போட முடியாதே, வேகும் முன்பே இடம் கணக்குப் போட்ட ஆள் யார் என்று கேட்டார். சொன்னேன். மாற்றுத் தகடு என்பதால் விலை ஏறாது, தொழில் விதி அப்படி என்றார். ஆனால் அந்தப் படத்தின் பிரதி ஒன்று தன் கடைக்கு வேண்டும் என்றார்.

உன் தம்பி,
அறிவழகன்

——

விருத்தாசலம்,
14.11.2025

என் தம்பி அறிவழகனுக்கு,

அக்காவின் ஆசி. மழை நன்றாகப் பெய்கிறது, மணிமுத்தாற்றில் தண்ணீர் போகிறது. முழங்கால்கூட இந்த வாரம் சொன்ன பேச்சு கேட்கிறது.

லைசென்ஸ் என் பெயருக்கு வந்துவிட்டது. நேற்று ரிவால்வரை வாங்கி வந்தேன். அடையாளம் என்ற இடத்தில் என்ன எழுதலாம் என்று கேட்டார்கள். இந்த முறை கேட்ட பிறகுதான் சொன்னேன். ‘வெள்ளைப் பீங்கான் பிடி, விருத்தாசலம் வேலை, 1969’ என்று அச்சில் இருக்கிறது. மதிப்பு அதே எண்பதாயிரம். கல்கத்தாக்காரர் விதி அவருக்கு, இருக்கட்டும்.

பஸ் ஸ்டாண்டில் நம் ஊர் ஆட்கள் நாலு பேரிடம் நானே சொல்லிவிட்டேன். தந்தம் இல்லை, எங்கப்பா மண்ணில் செய்தது, ஐம்பத்தாறு வருஷம் தாத்தா முதல் சர்க்கார் வரை எல்லாரையும் தந்தம் என்று நம்பவைத்தது என்று. ஒருவர் நம்பவில்லை. “சும்மா சொல்றீங்க, பீங்கான்ல எப்படிங்க வரும்?” என்று என்னோடு சண்டைக்கு வந்தார். இதைவிட அப்பாவுக்கு என்ன பாராட்டு வேண்டும்?

இப்போது உன்னிடம் ஒன்று சொல்ல வேண்டும். ஸ்டேஷனில் அன்று நடந்ததில் ஒன்றை உனக்கு எழுதவில்லை. வகுப்பில் கண்ணாடி உடைந்தால் யார் உடைத்தது என்று எனக்குப் பெரும்பாலும் தெரியும். ஆனாலும் கேட்டுவிட்டுக் காத்திருப்பேன். தானாக எழுந்து நிற்கும் பிள்ளைக்கு அது ஒரு பெருமை, அதை நாம் பறிக்கக்கூடாது. நீ எழுந்து நிற்க இரண்டு மாதம் எடுத்துக்கொண்டாய், பரவாயில்லை.

வலது தகட்டில் எண் இருந்தது என்று எழுதினேன். இடது தகட்டில் எண் இல்லை. ஒரு கட்டைவிரல் பதிந்திருக்கிறது. ரேகைகூடத் தெளிவாகத் தெரிகிறது. அப்பா நினைத்திருந்தால் ஈரத்திலேயே தடவி மறைத்திருக்கலாம். ஓட்டை மயிரிழை நகர்ந்ததற்குப் பதினாறு ஜோடியை ஒதுக்கியவர், அதை அப்படியே சூளையில் வைத்திருக்கிறார்.

நேற்று என் விரலை அதன் மேல் வைத்துப் பார்த்தேன். நாலு பக்கமும் வெளியே நின்றது. பன்னிரண்டு வயசுப் பையன் விரல்தான், ஆனால் நெருப்பில் எட்டில் ஒரு பங்கு சுருங்கி, இன்னும் சின்னப் பிள்ளையுடையது போல இருக்கிறது.

பொங்கலுக்கு இருவரும் வந்துவிடுங்கள். திருகாணியை நான் இறுக்கவில்லை.

அன்புடன்,
அக்கா செல்வநாயகி